பூவைக் காயவைப்பதா, தேயிலையில் மணம் ஏற்றுவதா? தோட்டத்துப் பூவில் டீ போட நினைப்பவர்களுக்கு

மல்லிகையைக் காயவைத்து வெந்நீரில் போட்டால் வைக்கோல் ஊறிய தண்ணீர் போல இருக்கிறது. அதே வேலையை ரோஜாவுக்குச் செய்தால் கோப்பை மணக்கிறது. தோட்டத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை, சொல்லப்போனால் மல்லிகைதான் ஒரு படி மேலே. பிறகு ஏன் இப்படி? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், "என்னிடம் இன்ன பூ இருக்கிறது, இதை என்ன செய்யலாம்" என்ற கேள்வியில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். அதனால் செய்முறைக்குப் போகும் முன் அதைச் சொல்லிவிடுகிறேன்.

குண்டுமல்லி மொட்டாக இருக்கும்போது பெரிதாக மணக்காது. மாலையில் இதழ் அவிழத் தொடங்கும்போதுதான் மணப்பொருள்களை மும்முரமாகத் தயாரிக்கிறது. தயாரிக்கத் தயாரிக்கக் காற்றில் விட்டுவிடுகிறது, சேர்த்து வைப்பதில்லை. கிளையிலிருந்து பறித்த பிறகும் இரவு முழுக்க இந்த வேலை நடந்துகொண்டே இருக்கும், அதனால்தான் மதியம் பறித்த மொட்டு இரவில் அறையையே நிறைக்கிறது. காயவைத்தால் அந்த உற்பத்தி நின்றுபோகும், கையில் மிஞ்சுவது வெறும் இதழ். ரோஜாவும் காற்றில் மணத்தை விடுகிற பூதான், ஆனால் அதன் வாசனை எண்ணெயில் ஒரு நல்ல பங்கு இதழுக்குள்ளேயே தங்கியிருக்கும், காய்ந்தாலும் முழுதாகப் போகாது. மகிழம்பூ இந்த வகையின் உச்சம், சருகான பிறகும் மணக்கும். வாசனைத் திரவியம் செய்பவர்களுக்கு இதெல்லாம் பழைய சங்கதி. ரோஜாவை நீரோடு கொதிக்கவைத்து ஆவியில் வடித்துவிடுவார்கள். மல்லிகைக்கும் சம்பங்கிக்கும் அது சரிப்படாது என்பதால், பிரான்ஸின் கிராஸ் நகரத்தில் கொழுப்பு தடவிய கண்ணாடித் தட்டுகளில் பூவைப் பரப்பி, பூ விடுகிற மணத்தைக் கொழுப்பு உறிஞ்சும்வரை காத்திருந்தார்கள்.

டீக்கும் அதே கணக்குதான். மணத்தை உள்ளே வைத்திருக்கிற பூவைக் காயவைத்து ஊறவைக்கலாம். மணத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிற பூவுக்கு, அதைப் பிடித்து வைக்க வேறொரு பொருள் வேண்டும். அது தேயிலையாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், குளிர்ந்த தண்ணீராகக்கூட இருக்கலாம்.

அதற்கு முன்னால், குடிக்கக்கூடிய பூவா?

வாசனை நன்றாக இருக்கிறது என்பது பூ பாதுகாப்பானது என்பதற்கு எந்த அத்தாட்சியும் இல்லை. இரவில் தோட்டத்தையே தூக்கி நிறுத்துகிற இரவு ராணி, நைட் ஜாஸ்மின் என்று விற்கப்பட்டாலும் மல்லிகைக் குடும்பமே இல்லை, கத்தரிக் குடும்பத்து நச்சுச் செடி. மஞ்சள் பூ பூக்கிற கரோலினா ஜெஸ்ஸமின் என்ற கொடியும் பெயரில் மட்டும்தான் மல்லிகை, அதன் எல்லாப் பாகமும் விஷம். ஸ்டார் ஜாஸ்மின், நந்தியாவட்டை இரண்டும் வெள்ளையாகப் பூத்துப் பார்க்க மல்லிகை மாதிரி இருக்கும், இரண்டும் அரளிக் குடும்பம். அரளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதன் நஞ்சு நேராக இதயத் துடிப்பைத் தாக்கும். ஊமத்தையும், தலைகீழாகத் தொங்குகிற பெரிய மணிப்பூ பூக்கும் அதன் உறவுக்காரச் செடியும் மாலையில் இனிமையாக மணக்கும், ஆனால் உள்ளே இருப்பது ஸ்கோபோலமைன், அட்ரோபின் என்கிற நஞ்சுகள். லில்லி ஆஃப் தி வேலி வைத்த ஜாடித் தண்ணீர்கூட ஆபத்து. சாமந்தியிலேயே பைரெத்ரம் என்று ஓர் உறவு இருக்கிறது, அதன் பூவிலிருந்துதான் பூச்சிமருந்தே எடுக்கிறார்கள்.

கிள்ளினால் பால் வடிகிற செடி என்றால் விட்டுவிடுங்கள் என்று ஒரு விதி சொல்வார்கள். அரளி, நந்தியாவட்டை வகைகளைக் கழிக்க அது உதவும், ஆனால் ஊமத்தையிலும் இரவு ராணியிலும் பால் வராது, அதை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வோம். செடியின் தாவரவியல் பெயர் தெரிந்து, அந்த இனத்தின் பூவை மக்கள் வழக்கமாகக் குடிக்கிறார்கள் அல்லது சாப்பிடுகிறார்கள் என்று உறுதியானால் மட்டும் கையை வையுங்கள். மல்லிகைக்கு அது ஜாஸ்மினம் சம்பக் என்று இருந்தால் கவலையில்லை.

அடுத்தது மருந்து. கடையில் வாங்கும் பூ பார்வைக்காகவும் நாள்பட நிற்பதற்காகவும் வளர்க்கப்பட்டது, குடிப்பதற்காக அல்ல. இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சிமருந்துகள் வேர் வழியாகச் செடி முழுக்க ஏறிவிடும், இதழை எத்தனை முறை கழுவினாலும் போகாது. நர்சரியிலிருந்து புதிதாக வந்த தொட்டிச் செடிக்கும் இதே பேச்சுதான்: முதல் பருவத்துப் பூவை ரசித்துவிட்டு விட்டுவிடுங்கள், நீங்களே மருந்தில்லாமல் வளர்த்த அடுத்த பருவத்துப் பூக்களை எடுத்துக்கொள்ளலாம்.

காயவைத்து ஊறவைப்பது

இது சோம்பேறிகளுக்கும் பொறுமைசாலிகளுக்கும் ஒரே மாதிரி ஒத்துவருகிற வழி. ரோஜாவில் ஆரம்பிப்பதுதான் நல்லது, ஏனென்றால் ரோஜாவில் சொதப்புவது கஷ்டம். ஒரே நிபந்தனை, செடியிலேயே நன்றாக மணக்கிற ரோஜாவாக இருக்க வேண்டும். பன்னீர் ரோஜா, டமாஸ்க் வகைகள், பழைய தோட்ட ரகங்கள் சரி. நீளக் காம்பும் இறுக்கமான மொட்டுமாகப் பூங்கொத்துக்காக உருவாக்கிய ரகங்களில் பலவற்றுக்கு மணமே கிடையாது, தோட்டத்தில் இல்லாதது கோப்பையில் எங்கிருந்து வரும்?

விடியற்காலையில், பனி காய்ந்ததும் வெயில் ஏறும் முன்னும் பறிக்க வேண்டும். வெயில் ஏற ஏற வாசனை எண்ணெய் ஆவியாகிக்கொண்டே போகும், டமாஸ்க் ரோஜாத் தோட்டங்களில் அறுவடையைக் காலையிலேயே முடித்துவிடுவது இதனால்தான். இதழைப் பிரித்து, அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியைக் கிள்ளிவிடுங்கள், கசப்பு அங்கேதான். நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒரே அடுக்காகப் பரப்பினால் இரண்டு முதல் நான்கு நாளில் மொறுமொறுவென்று காயும். மின் உலர்த்தி இருந்தால் 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் போதும், அவசரப்பட்டு 60க்கு ஏற்றினால் நிறமும் போய் மணமும் போய்விடும். நேரடி வெயில் வேண்டவே வேண்டாம்.

ரோஜாவுக்கு இன்னொரு சாதகம் இருக்கிறது. அதன் மணத்தைத் தருகிற முக்கியப் பொருள்களில் ஒன்றான ஃபினைல் எத்தில் ஆல்கஹால் தண்ணீரில் ஓரளவு நன்றாகவே கரையும், பன்னீர் அத்தனை மணக்கிறதற்கு அதுதான் காரணம். அதாவது வெந்நீரில் ஊறவைத்து மணம் எடுக்க இயற்கையிலேயே தோதான பூ இது. 200 மில்லி தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி காய்ந்த இதழ், பச்சை இதழ் என்றால் இரண்டு மூன்று மடங்கு. தண்ணீர் கொதித்து ஒரு நிமிடம் ஆறியதும் ஊற்றி, மூடி, ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். அந்த மூடியைத் தவிர்க்காதீர்கள், ஆவியோடு எழும்பி அறைக்குள் போவது நீங்கள் பாடுபட்டுக் காயவைத்த அதே மணம்தான். பத்து நிமிடத்துக்கு மேல் விட்டால் நாக்கில் துவர்ப்பு தட்டும்.

சீமைச் சாமந்தி, அதாவது கேமமைல், இந்த வரிசையில் அடுத்தது. ஆப்பிள் போன்ற மணம், மென்மையான இனிப்பு, வெறும் பூவை மட்டும் போட்டே முழு டீ என்று சொல்லக்கூடிய சுவை இதற்கு உண்டு, ரோஜாவுக்குக்கூட அவ்வளவு கிடையாது. இதற்கு மட்டும் நன்றாகக் கொதித்த தண்ணீர், மூடி வைத்து ஐந்திலிருந்து பத்து நிமிடம். தூக்கத்துக்கு நல்லது என்று பேர் வாங்கியது. அதற்கான ஆதாரம் அப்படியொன்றும் வலுவாக இல்லை, ஆனால் கஃபீன் இல்லாத சூடான பானம் இரவில் கெடுதல் செய்யாது என்பது நிச்சயம். குறை என்னவென்றால் பூ சின்னது. ஒரு தொட்டியில் நாலு செடி வைத்தால் அவ்வப்போது ஒரு கோப்பைதான் தேறும், தொடர்ந்து குடிக்க ஒரு பாத்தியே வேண்டும். சாமந்திக் குடும்பத்து மகரந்தம் ஒவ்வாதவர்களும், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவர்களும் இதை விட்டுவிடுவது நல்லது.

லாவெண்டர் இருந்தால் அரைத் தேக்கரண்டி, அதற்கு மேல் போடாதீர்கள், சோப்புத் தண்ணீர் ஆகிவிடும். அதிலும் குட்டையான ஆங்கில லாவெண்டர்தான் குடிக்க ஏற்றது, பெரிதாகப் புதர்போல் வளர்கிற கலப்பின லாவண்டினில் கற்பூர வாடை அதிகம், அதைத் துணி அலமாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். செவ்வந்திப் பூவை அப்படியே காயவைப்பதைவிட ஓரிரு நிமிடம் ஆவியில் காட்டிவிட்டுக் காயவைத்தால் நிறம் நிற்கும், பச்சை வாடை குறையும். பூவின் அடியில் இருக்கும் பச்சைப் பகுதியைக் கொஞ்சம் கழித்துவிட்டால் கசப்பும் குறையும்.

தேயிலையில் மணம் ஏற்றுவது

மல்லிகை வைத்திருப்பவர்களுக்கு இதுதான் வழி. வேலை அதிகம், பூவும் அதிகம் செலவாகும், ஆனால் சரியாக வந்தால் ரோஜா டீ அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

சீனாவின் ஃபூஜியான் மாகாணத்து ஃபூசோ நகரம் இந்த முறைக்குப் பேர்போனது. அங்குள்ள மல்லிகைத் தேயிலை வேளாண் முறையை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 2014இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் பாரம்பரியங்களின் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் செய்வதன் சாரம் எளிது. தேயிலை நன்றாகக் காய்ந்த, நுண்துளைகள் நிறைந்த பொருள், பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் இழுத்துக்கொள்ளும் (மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் தேயிலையை வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்). அந்தத் தேயிலையோடு அவிழப்போகிற மொட்டைக் கலந்து இரவு முழுக்க வைத்தால், பூ விடுகிற மணமும் ஈரமும் தேயிலைக்குள் இறங்கும். காலையில் பூவைச் சலித்து எறிந்துவிட்டு, ஈரம் ஏறிய தேயிலையை மறுபடி காயவைத்து, புதுப் பூவோடு மறுபடியும். நல்ல ரகங்களுக்கு இது ஐந்து, ஆறு, ஏழு முறைகூட நடக்கும், கடைசியில் கணக்குப் பார்த்தால் தேயிலையின் எடைக்குச் சமமாகவோ அதற்கு மேலுமோ பூ செலவாகியிருக்கும். விலை உயர்ந்த மல்லிகை டீயில் பூவே கண்ணில் படாததற்கும் இதுதான் காரணம். பாக்கெட்டில் தூவிக் கிடக்கும் காய்ந்த மல்லிகை பெரும்பாலும் அலங்காரம்தான், மணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

வீட்டில் மூன்று சுற்று செய்தால் போதும். வாசனை எதுவும் சேர்க்காத, இலையாக இருக்கிற பச்சைத் தேயிலை (கிரீன் டீ) 50 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் தேயிலையிலும் செய்யலாம், ஆனால் அதன் சொந்தச் சுவை மல்லிகையை அமுக்கிவிடும். டீ பையை வெட்டிக் கொட்டுவது வேண்டாம், தூளிலிருந்து பூவைப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மதியத்துக்கு மேல், அன்றைக்கே அவிழப்போகிற மொட்டாகப் பார்த்துப் பறிக்க வேண்டும், அதாவது வெள்ளையாகப் பருத்து நுனி இன்னும் மூடியிருப்பது. பச்சை சாயல் இருந்தால் அது நாளைய மொட்டு, இன்றிரவு அவிழாது. ஏற்கெனவே விரிந்த பூ நேற்றிரவே தன் வேலையை முடித்துவிட்டது, அதை எடுத்துப் பயனில்லை. பறித்த மொட்டைக் கழுவாதீர்கள், ஈரம் தேயிலையைக் கெடுக்கும். தூசி இருக்குமென்று தோன்றினால் முந்தின நாளே செடிமேல் தண்ணீர் தெளித்துவிடுங்கள். பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு, தட்டில் பரப்பி வைத்து, மொட்டு லேசாக வாய் திறக்கும்வரை காத்திருங்கள்.

திறக்க ஆரம்பித்ததும் 40, 50 கிராம் பூவைத் தேயிலையோடு கலந்து, அகலமான கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு மெல்லிய துணியால் மூடுங்கள். காற்றுப் புகாமல் இறுக்கி மூடுவது தவறு, பூ இன்னும் உயிரோடு இருக்கிறது, மூச்சுவிட்டால்தான் மணம் தயாரிக்கும். தொழிற்சாலையில் பெரிய குவியல் சூடேறிப் பூ வெந்துவிடும் என்று நடுவில் கிளறி ஆற்றுவார்கள். வீட்டு அளவில் அந்தச் சூடு வராது, ஆனாலும் படுக்கப் போகும் முன் ஒரு முறை கிளறிவிட்டால் மணம் சீராக ஏறும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பூ பழுப்பாவதற்குள் சலித்துவிடுங்கள். இங்கே சோம்பல்பட்டு மதியம் வரை விட்டால், வாடிய பூவின் புளித்த வாடையும் தேயிலைக்குள் போய்விடும், அதை எடுக்க வழியே கிடையாது.

பிறகு தேயிலையைக் காயவைப்பது. ஓவன் இருந்தால் மிகக் குறைந்த சூட்டில், 60 முதல் 80 டிகிரிக்குள், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து இருபது முப்பது நிமிடம். இல்லாவிட்டால் அடிகனமான வாணலியில், மிகச் சிறு தீயில், கை பொறுக்கிற சூட்டில் வைத்துக் கையாலேயே புரட்டுங்கள். இலையை மடித்தால் மொடுக்கென்று ஒடிய வேண்டும். ஆறியதும் மூடி ஒரு நாள் வைத்து, அடுத்த நாள் புதுப் பூவோடு இரண்டாம் சுற்று. முதல் சுற்று முடிந்ததும் குடித்துப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று நினைக்கத் தோன்றும், நினைக்காதீர்கள், இரண்டாம் சுற்றிலிருந்துதான் மணம் தொண்டை வரை இறங்கும். கடைசியாக ஒரு சின்ன வித்தை இருக்கிறது. மூன்று சுற்றும் முடிந்து காயவைத்த பிறகு, பத்தில் ஒரு பங்கு எடைக்குப் பூவைக் கலந்து சில மணி நேரம் மட்டும் வைத்துச் சலித்து, மறுபடி காயவைக்காமல் அப்படியே எடுத்துக்கொள்வது. காயவைக்கும்போது பறந்துபோன மேல்மணம் இதில் திரும்ப வரும். ஆனால் கொஞ்சம் ஈரமும் கூடவே நிற்கும், அதனால் ஒன்றிரண்டு வாரத்தில் குடித்துத் தீர்க்கப்போகிற அளவுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

இதற்கு 80 டிகிரி அளவுக்கு ஆறிய தண்ணீர், இரண்டு மூன்று நிமிடம். கொதிநீரை ஊற்றினால் பச்சைத் தேயிலை கசந்து எல்லா உழைப்பும் வீண்.

மல்லிகை மட்டுமல்ல, எலுமிச்சை, ஆரஞ்சு மரத்துப் பூக்களையும் இப்படிச் செய்யலாம். பூவைப் பறித்தால் காய் குறையுமே என்று பயப்பட வேண்டாம், அந்த மரங்களில் பூக்கும் பூவில் மிகச் சிறு பங்குதான் காயாக நிற்கும், மற்றதெல்லாம் தானாகவே உதிரும். மரத்தடியில் துணி விரித்துக் கிளையை லேசாக உலுக்கினாலே போதுமான பூ கிடைக்கும். வெள்ளைச் செண்பகத்தைச் சீனத்துத் தயாரிப்பாளர்கள் மல்லிகைக்கு அடிமணமாகக் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள், அதன் மணம் கனமானது, ஓரிரண்டு இதழுக்கு மேல் போனால் மல்லிகையை விழுங்கிவிடும். குளம் இருந்து தாமரை பூத்தால் இன்னும் சுலபம்: மாலையில் பூவுக்குள் ஒரு பிடி தேயிலையைப் போட்டு, இதழ்களைக் கூட்டி இலையால் சுற்றிக் கட்டி வைத்தால், காலையில் தேயிலை மணந்திருக்கும், பூவைத் தனியாகப் பொறுக்கி எடுக்கிற வேலையே இல்லை.

தண்ணீரிலும் சர்க்கரையிலும்

பூ கொஞ்சம்தான் இருக்கிறது, மூன்று நாள் மெனக்கெட முடியாது என்பவர்களுக்கு இரண்டு குறுக்கு வழி உண்டு. ஒன்று, அவிழப்போகிற மல்லி மொட்டு பத்துப் பதினைந்தைச் சுத்தமான, கொதித்து ஆறிய தண்ணீரில் மிதக்கவிட்டு மூடி வைப்பது. காலையில் பூவை எடுத்துவிட்டு அந்தத் தண்ணீரைக் குளிரவைத்து அப்படியே குடிக்கலாம், அல்லது அதிலேயே பச்சைத் தேயிலையைப் போட்டு ஃபிரிட்ஜில் ஆறு மணி நேரம் வைத்தால் ஐஸ் டீ தயார். அதைச் சூடாக்கினால் மட்டும் மணம் ஓடிவிடும். அன்றைக்கே குடித்துவிட வேண்டும், அடுத்த நாளைக்கு வைக்கிற பொருள் அல்ல.

இன்னொன்று சர்க்கரை. ஒரு அடுக்குச் சர்க்கரை, ஒரு அடுக்குப் பூ என்று பாட்டிலில் போட்டு இரவு வைத்து, காலையில் சலித்து, கட்டி பிடித்திருந்தால் உலர்த்தி உடைத்துவிட வேண்டியதுதான். இதையும் இரண்டு மூன்று முறை புதுப் பூவோடு செய்யலாம். சாதாரண டீயில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினால் மணம் உடனே எழும்பும். மணம் ஏற்றிய தேயிலையின் ஆழம் இதில் வராது, ஆனால் கையளவு பூவுக்கு இதைவிட நல்ல பலன் வேறெதிலும் கிடைப்பதில்லை. சர்க்கரை சேர்க்காமல் குடிப்பவர்களுக்கு இது உதவாது, அவ்வளவுதான்.

செம்பருத்தி, சங்குப்பூ பற்றிக் கேட்பீர்கள். இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி மணம் கிடையாது. நிறத்துக்குத்தான். சங்குப்பூ நீலமாக இறங்கி, எலுமிச்சை பிழிந்ததும் ஊதாவாகும். தோட்டத்துச் செம்பருத்தி இதழ் சிவப்பாக, லேசான வழவழப்போடு இருக்கும். புளிப்பான செம்பருத்தி டீ என்று விற்பது வேறு இனம், அதில் ஊறவைப்பது இதழை அல்ல, பூ உதிர்ந்த பின் பருக்கிற சிவப்புப் புல்லி. ரோஜாவோடோ சீமைச் சாமந்தியோடோ ஒன்றிரண்டு சேர்த்தால் கோப்பை பார்க்க நன்றாக இருக்கும், தனியாகப் போட்டு மணத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

முதல் முறை செய்பவர் என்றால் ரோஜாவைக் காயவையுங்கள். ஒரு செடி போதும், தினம் இரண்டு பூ கிடைத்தாலும் சேர்த்துக்கொண்டே போகலாம், அவசரம் கிடையாது. மணம் ஏற்றுவதில் இந்தச் சலுகை இல்லை. ஒரே மாலையில் 40 கிராம் மொட்டு வேண்டும், அது பெரிய கையால் பல பிடி, ஒரு தொட்டிச் செடியால் ஆகாது, தரையில் வேரூன்றிப் பருவத்தில் பூத்துத் தள்ளுகிற செடி சிலதாவது வேண்டும். பூ குறைவாக இருந்தால் தேயிலையையும் குறைத்து 15 கிராமுக்குச் செய்யலாம், விகிதம்தான் முக்கியம். அதுவும் முடியாவிட்டால் சர்க்கரைப் பாட்டில்.

இரவில் குடிக்கவா, பகலில் குடிக்கவா என்பதும் பெரிய கேள்வி. பூ மட்டும் போட்ட டீயில் கஃபீன் இல்லை. மணம் ஏற்றிய பச்சைத் தேயிலையில் ஒரு கோப்பைக்கு ஏறக்குறைய 20 முதல் 45 மில்லிகிராம் வரை இருக்கும். மல்லிகை மணம் வேண்டும், கஃபீன் வேண்டாம் என்பவர்கள் மேலே சொன்ன குளிர்ந்த தண்ணீர் முறைக்கு, தேயிலை போடாமல், போகலாம்.

பால் ஊற்றியே தீருவேன் என்பவர்கள் ரோஜாவோடு நில்லுங்கள். கறுப்புத் தேயிலையோடு காய்ந்த ரோஜா இதழைக் கலந்து வைத்துப் பால் ஊற்றினாலும் மணம் தாங்கும். மல்லிகைக்குப் பால் எதிரி, புளிப்புச் செம்பருத்தியில் ஊற்றினால் திரிந்தே போகும்.

கர்ப்பிணிகள், குழந்தைகள், தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்கள் எந்தப் பூ டீயையும் தினசரிப் பழக்கமாக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. மற்றவர்களும் புதிய பூ என்றால் முதல் நாள் அரைக் கோப்பையோடு நிறுத்திப் பாருங்கள், வாய் அரிப்போ தடிப்போ வந்தால் அந்தப் பூ உங்களுக்கு இல்லை.

இவ்வளவு எதற்கு, ஒரு சொட்டு மல்லிகை எண்ணெய் விட்டால் ஆச்சே என்று சிலர் கேட்பார்கள். வாசனைக்கு விற்கிற எண்ணெய் குடிப்பதற்கானது அல்ல, தண்ணீரில் கரையவும் செய்யாது, மேலே மிதந்து முதல் வாயிலேயே அத்தனையும் நாக்கில் இறங்கும். அதைவிட வெறும் டீயே மேல்.

எந்த வழியில் செய்தாலும் கெடுப்பது ஈரம், வெளிச்சம், பக்கத்து வாசனை மூன்றும்தான். காய்ந்த இதழைக் கண்ணாடி ஜாடியில் போட்டு ஒரு இரவு மூடி வையுங்கள். காலையில் உள்பக்கம் லேசாக வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை, மறுபடி பரப்புங்கள், இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய்ந்த ரோஜாவும் சீமைச் சாமந்தியும் இருட்டான அலமாரியில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை மணத்தோடு இருக்கும். மணம் ஏற்றிய தேயிலை அதைவிடச் சீக்கிரம் மங்கும், ஆனால் மங்கியதைக் கொட்ட வேண்டியதில்லை. ஈரம் ஏறாமல், பூஞ்சை இல்லாமல் இருந்தால் அடுத்த பருவத்தில் மல்லி பூக்கும்போது புதிதாக ஒரு சுற்றுப் பூ கொடுத்துக் காயவைத்தால் மறுபடி மணக்கும்.